லைனிங் இல்லாத கோட்டு

கையைத் தூக்குங்க சார்ங்கறான். எந்தக் கையைத் தூக்கறது. வலது கையைத் தூக்கினேன். ரெண்டையும் சார்னு சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவனுக்கு என்ன தெரியும், டேப்பைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு காலையிலேருந்து நூறு பேரைக் கையைத் தூக்கச் சொல்லியிருப்பான், நூறு பேரும் தூக்கியிருப்பாங்க. தோள்பட்டையில வலிப்பா, தூக்க வராது, வலது கையிலேயே அளவு எடுத்துக்க, ரெண்டும் ஒரே கைதானேன்னேன். ஒரே கையாம். எவ்வளவு சுலபமா வருது பொய். முன்னாடியெல்லாம் ஒரு பொய் சொன்னா மூஞ்சி காட்டிக்கொடுத்துடும், இப்ப தும்மல் மாதிரி தானா வந்து விழுது. இடது கை ஒரே கை இல்ல. மணிக்கட்டுக்கு மேல, முழங்கைக்குக் கீழ, தோலுக்குள்ள ரெண்டு நெல்லிக்காயை வச்சுத் தைச்ச மாதிரி ரெண்டு மேடு. வாரத்துக்கு ரெண்டு நாள் அந்த மேட்டுலதான் ரெண்டு ஊசி இறங்குது, ஒண்ணு வழியா ரத்தம் வெளிய போய் மெஷினைச் சுத்திட்டு இன்னொண்ணு வழியா உள்ள வரும், நாலு மணி நேரம். டயாலிசிஸ்ங்கற வார்த்தையை வாயில வைக்கவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. அந்த மேட்டுல விரலை வச்சா உர்ர்ர்னு ஓடும். முப்பத்திரண்டு வருஷமா மின்வாரியத்துல இருக்கேன், டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நின்னா உடம்புல ஒரு அதிர்வு ஏறுமே, அதே அதிர்வு இப்ப என் கையிலயே குடியிருக்கு. அந்தக் கையில வாட்ச் கட்டக் கூடாது, வெயிட்டு தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்க விடக் கூடாது, இறுக்கமா எதையும் போடக் கூடாது, சத்தம் நின்னுபோச்சுன்னா அடுத்த நிமிஷம் ஓடி வரணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். சத்தம் நின்னா மெஷின் இல்ல, மெஷின் இல்லன்னா நான் இல்ல. அவ்வளவுதான் கணக்கு. இந்தக் கையை மறைக்கத்தான் வேலூர்ல, சித்திரை வெயில்ல, ஜவுளிக்கடை ரெண்டாவது மாடியில நின்னுக்கிட்டு ஐம்பத்தேழு வயசுல முதல் முதலா கோட்டு எடுக்கறேன்.

வெயிலுக்குப் போடற மாதிரி வேணும்னு நான்தான் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், ஆரம்பிச்சுட்டான். வெயிலுக்கு லினன் சார், காத்து உள்ள போகும் வெளிய வரும், ஆனா உக்காந்து எழுந்தா கசங்கும், கசங்கினாத்தான் அது ஒரிஜினல்ங்கறான். காட்டன் இருக்கு, ஆனா மேடையில நிக்கறதுக்கு அவ்வளவா எடுப்பு வராதாம். பாலியஸ்டர் பளபளன்னு நிக்கும், ஆனா உள்ள அவிச்சுடும் சார், பெத்தவங்க போட்டுக்கிட்டு நின்னா ரெண்டு மணி நேரத்துல மயக்கமே வந்துடும்ங்கறான், என்னமோ எனக்காகவே சொல்ற மாதிரி. நாப்பது வயசு இருக்கும் அவனுக்கு, சட்டைப் பையில பேரு போட்ட அட்டை, லோகிதாசன்னு. எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கான் மேசை மேல, சாம்பல், பழுப்பு, கருநீலம், எலுமிச்சை கலந்த வெள்ளை. மாப்பிள்ளை ஹேமநாதன் அந்தப் பக்கம் கண்ணாடி முன்னாடி கருநீலத்தைப் போட்டுக்கிட்டு முன்னும் பின்னும் திரும்பறார். மாப்பிள்ளைக்கு ரிசப்ஷன் கோட்டு பொண்ணு வீட்டுலதான் எடுத்துக் கொடுக்கணும், அது முறை. எனக்கும் ஒண்ணு எடுக்கலாம்கறது முறை இல்ல, என் சம்சாரம் வேதவல்லியோட யோசனை. கஞ்சி வடிச்சுக்கிட்டே சொன்னா. பட்டுச் சட்டை மெல்லிசா இருக்குதுங்க, அந்த வீடியோக்காரன் லைட்டைப் போட்டான்னா உள்ள மேடு தெரியும், நீங்களும் ஒரு கோட்டு போட்டுக்கிடுங்க, இப்பல்லாம் பொண்ணப் பெத்தவங்களும் போடறாங்கன்னா. சொல்லிட்டுத் திரும்பவே இல்ல, சோத்துப் பானையைப் பார்த்துக்கிட்டே நின்னா. நான் சரின்னேன். இருபத்தெட்டு வருஷத்துல அவ சொல்லி நான் உடனே சரின்னது அது ஒண்ணுதான்.

ஒரு பொண்ணு தட்டுல மோர் டம்ளரை வச்சுக்கிட்டு வருது. கொத்தமல்லி மிதக்குது, டம்ளர் வெளிப்பக்கம் பூரா வேர்த்திருக்கு. வேண்டாம்மா, விரதம்னேன். இன்னைக்குத் திங்கக்கிழமை, சோமவார விரதம். எனக்கு ஒரு நாளைக்குத் தண்ணி முக்கால் லிட்டர்தான். மாத்திரை முழுங்கறது, ரசம், காப்பி, மோர்சாதத்துல இருக்கற தண்ணி, எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவுல ரெண்டு நாள், வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல மூணு நாள், அந்த மூணு நாள்லதான் உயிர் போகும், காலெல்லாம் அழுத்தினா குழி விழும், ரெண்டு மாடி ஏறினா மூச்சு இரைக்கும். இன்னைக்கு அந்த மூணாம் நாள். மூச்சு இரைக்கறதை மறைக்க நடுப்படியில நின்னு செருப்பு வாரைச் சரிபண்ற மாதிரிக் குனிஞ்சேன். சம்பந்தியம்மா பார்த்தாங்க, மெதுவா வாங்க சம்பந்தி, கடை எங்கேயும் ஓடிடாதுன்னாங்க. அவங்களுக்கு நான் பெரிய பக்திமான். செவ்வாய் வெள்ளி தவறாம ரத்தினகிரி மலைக்கோயிலுக்குப் போயிட்டு வர்றார், வந்தா அசதியில படுத்துடறார், நடந்தே மலை ஏறுவாராட்டம் இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. போன வாரம் போன் பண்ணி, இந்த வெள்ளிக்கிழமை எங்க ஹேமநாதன் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடுங்கன்னாங்க. ஊசி ரெண்டும் குத்தி மெஷினும் ஓடிக்கிட்டிருந்துது, ஆகட்டும்மான்னேன். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்றதுக்கு என்ன தண்டனையோ, அதையும் சேர்த்து அனுபவிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு நினைக்கறேன். மோர் டம்ளர் அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு. அவன் ஒரே மூச்சுல குடிக்கறான், தொண்டை ஏறி இறங்கறதை நான் பார்க்கறேன். இப்படி மனுஷன் தொண்டையைப் பார்த்துக்கிட்டு நிக்கற நிலைமை எந்த எதிரிக்கும் வேண்டாம்.

சாம்பலைப் போட்டுப் பாருங்க சார்ங்கறான். போட்டேன். வலது கை போச்சு, இடது கை முழங்கை வரைக்கும் போய் நின்னுடுச்சு. உள்ள வழுவழுன்னு ஒரு துணி, அதுதான் லைனிங்காம், அது வேர்வையில தோலோட ஒட்டிக்கிச்சு. மெதுவா இழுத்தேன். போட்டதும் முதல் காரியமா வலது கையைக் கொண்டுபோய் இடது கை மேல வச்சேன், கோட்டு மேலேருந்து ஒண்ணும் தெரியல. அமுக்கினேன். தெரியல. நின்னுடுச்சா. சட்டை, அதுக்கு மேல லைனிங், அதுக்கு மேல துணி, மூணையும் தாண்டி எப்படித் தெரியும், தெரியாதுதான், ஆனா நெஞ்சு கேட்கணுமே. போன மாசம் இப்படித்தான் பஸ்ல தூங்கிட்டேன், கை கம்பிக்கும் உடம்புக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு, முழிச்சா சத்தமே இல்ல, பக்கத்துல உக்காந்திருந்தவர் கையை எடுத்து இங்க தொட்டுப் பாருங்க, ஏதாவது ஓடுதான்னு கேட்டுட்டேன். அந்த ஆளு பயந்துபோய் அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டார். ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி ஓடிச்சு. அந்த ரெண்டு நிமிஷத்துல நான் என்னை நினைக்கல, பொண்ணு ஷர்மிளா கல்யாணத்துக்கு முன்னாடி நான் போயிட்டா ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போட்டுடுவாங்களேன்னுதான் நினைச்சேன். கோட்டைக் கழட்டிட்டேன். உர்ர்ர். இருக்கு. சாரி சார் கை கொஞ்சம் டைட்டுதான்ங்கறான் லோகிதாசன். கொஞ்சம் இல்லப்பா.

அந்த நேரத்துல மாப்பிள்ளை போன்ல அலாரம் மாதிரி ஒண்ணு அடிச்சுது. எடுத்துப் பார்த்துட்டு உடனே கீழ் மாடிக்குப் போன் போடறார். கீழ, முதல் மாடியிலதான் ஷர்மிளாவும் அவ அம்மாவும் சம்பந்தியம்மாவும் கூறைப்புடவை பார்க்கறாங்க. குடிச்சியாங்கறார். ம். எவ்வளவுங்கறார். சரி, நாலு மணிக்குள்ள முடிச்சுடுன்னு வச்சுட்டார். இது என்ன கூத்து. தண்ணி குடிச்சியான்னு கேக்கறதெல்லாம் இப்பத்திய பிள்ளைங்களுக்குக் காதல்போல. எனக்கு எரிச்சலா வந்துது. அந்தத் தண்ணி பாட்டில் மேலயே எனக்கு எரிச்சல். ஒரு மாசத்துக்கு மேலா நீலக் கலர்ல ஒரு பெரிய பாட்டில், குழந்தையை இடுப்புல வச்சுக்கற மாதிரி எங்க போனாலும் தூக்கிக்கிட்டுப் போறா. டிவி பார்க்கும்போது குடிக்கறா, போன் பேசும்போது குடிக்கறா, பாங்க்குக்குக் கிளம்பும்போது வாசல்ல நின்னு கடகடன்னு குடிக்கறா. ஒருத்தன் நாக்கு வறண்டு எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன் முன்னாடியாம்மா குடிக்கணும், உள்ள போய்க் குடிக்கக் கூடாதான்னு ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுட்டேன். எழுந்து உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் சமையலறையில திரும்பி நின்னுதான் குடிக்கறா, எனக்கு முதுகுதான் தெரியும். முதுகு தெரிஞ்சா போதுமே, சத்தம் கேக்குதே. அவ அப்படித் திரும்பி நிக்கறதைப் பார்த்தா இன்னும் கோபம் வருது, என் மேலதான். சாப்பாட்டுல ஊறுகாயைக்கூடத் தொடறதில்ல, கல்யாணத்துக்கு மெலியணுமாம்.

அவகிட்ட நான் கோபப்படறதுக்கு எனக்கு என்ன வாய் இருக்கு. நான் பண்ணி வச்சிருக்கற காரியத்துக்கு அவதான் என் மேல கோபப்படணும். வேதவல்லிக்குத் தெரியாது. ஷர்மிளாவுக்குத் தெரியாது. டயாலிசிஸ் ரெண்டு பேருக்கும் தெரியும், சம்பந்தி வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்னு மூணு பேரும் சேர்ந்துதான் பேசி வச்சோம். ஷர்மிளாதான் கொஞ்சம் முரண்டு பண்ணினா, சொல்லிடலாம்ப்பா, அப்புறம் தெரிஞ்சா அசிங்கம்னா. கல்யாணம் ஆகட்டும் சொல்லிக்கலாம்னு அடக்கிட்டேன். ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு, அது என்கிட்ட மட்டும் இருக்கு. முதல் தடவை ஸ்கேன் பார்த்தப்ப டாக்டர் வேதவல்லியை வெளிய உக்காரச் சொல்லிட்டுக் கேட்டார், உங்க அப்பா எப்படிப் போனார்னு. வயிறு வீங்கிப் போனார், ஐம்பத்துமூணு வயசுல, குடிச்சுக் கெட்டார்னு ஊர்ல சொன்னாங்க, யாரோ செய்வினை வச்சாங்கன்னு எங்கம்மா சொன்னா, ஆனா எங்கப்பா குடிச்சு நான் பார்த்ததில்லன்னேன். குடிக்கல சார் உங்க அப்பா, இதேதான்னார். கிட்னியில நீர்க்கட்டி, திராட்சைக் குலை மாதிரி ரெண்டு பக்கமும், ரத்தத்துல வர்றது, அப்பாகிட்டேருந்து உங்களுக்கு, உங்ககிட்டேருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. உங்க பொண்ணை ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க, முன்னாடியே தெரிஞ்சா ரொம்ப வருஷம் தள்ளிப்போடலாம்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிவிட்டாப் போல. அந்தச் சீட்டை நாலா மடிச்சு என் ஆபீஸ் அடையாள அட்டை உறைக்குள்ள வச்சேன். தை பொறந்ததும் சொல்லிக்கலாம்னு வச்சேன். தையிலதான் பொண்ணு பார்க்க வந்தாங்க. சரி நிச்சயம் முடியட்டும்னேன். மாசியில நிச்சயம் முடிஞ்சுது, இனிமே சொன்னா நின்னுடுமேன்னு இருந்துட்டேன். பங்குனியில ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன், ரெண்டா மடிச்சிருந்துது. நாலாத்தானே மடிச்சேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். வயசாச்சு, நானே எடுத்துப் பார்த்து மறுபடி மடிச்சு வச்சிருப்பேன். எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருக்கேன்னு எனக்கே தெரியாதே. பொண்ணோட வாழ்க்கைக்காகத்தான் மறைச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். ஆனா மறைச்சு மறைச்சு அவளுக்குக் கிடைக்க வேண்டிய வருஷத்தை நான் தின்னுக்கிட்டிருக்கேனோன்னு ஒவ்வொரு செவ்வாயும் அந்த நாலு மணி நேரமும் மனசு அடிச்சுக்குது.

இதைப் பாருங்க சார், உங்களுக்குன்னே வந்த மாதிரிங்கறான் லோகிதாசன். மணல் கலர்ல லினன். உள்ளங்கையை உள்ள விட்டுக் காட்டறான், லைனிங்கே இல்ல சார், தோள்ல மட்டும் கொஞ்சம் துணி, மத்தபடி வெறும் ஒரே துணி, கை லூசு, வெயிலுக்கு இதுக்கு மேல கிடையாது, போட்டிருக்கறதே தெரியாதுங்கறான். தொட்டுப் பார்த்தேன். துவைச்சுக் காயப்போட்ட வேட்டி மாதிரிச் சொரசொரன்னு இருக்கு. எனக்கு உண்மையிலேயே பிடிச்சுப் போச்சு. மாப்பிள்ளையும் பக்கத்துல வந்து தையலைத் திருப்பிப் பார்த்தார், ராணிப்பேட்டையில ஷூ கம்பெனியில குவாலிட்டி பார்க்கறவர், எதை எடுத்தாலும் தையலைத்தான் முதல்ல பார்ப்பார். நல்லா இருக்கு மாமா, உங்களுக்கு எடுப்பா இருக்கும்னார். அப்பத்தான் அந்த லோகிதாசன் வாயைத் திறந்து சொன்னான். ரிசப்ஷனுக்கு இது போதும் சார், காலையில முகூர்த்தத்துக்குத்தான் உங்களுக்கு வேட்டி துண்டு, மேல ஒண்ணும் கிடையாதே, பட்டுத் துண்டு அங்க இடது பக்கம் இருக்கு, பார்த்துடறீங்களான்னான்.

மேல ஒண்ணும் கிடையாது. தாரை வார்க்கணும். பொண்ணப் பெத்தவன் சட்டையைக் கழட்டிட்டு, துண்டைப் போட்டுக்கிட்டு மணையில உக்காந்து, ரெண்டு கையையும் ஏந்தி அதுல பொண்ணு கையை வாங்கி மாப்பிள்ளை கையில கொடுக்கணும், வேதவல்லி சொம்புலேருந்து தண்ணி விடணும், ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணும். ஆயிரம் பேரு முன்னாடி இந்தக் கையை நீட்டணும். ரெண்டு மாசமா ராத்திரி ரிசப்ஷனையே நினைச்சு நினைச்சு, வீடியோ லைட்டு, முழுக்கை, கோட்டு, லைனிங்குன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேனே, காலையில நடக்கற கல்யாணம் எங்க போச்சு எனக்கு. எனக்காவது புத்தி இல்ல, வேதவல்லிக்குமா. ஜோசியர் மூணு தேதி கொடுத்ததுல வியாழக்கிழமையாப் பார்த்து எடுத்தேன், செவ்வாய் முடிஞ்சு வெள்ளி வர்றதுக்குள்ள முடிஞ்சுடணும்னு அதையெல்லாம் யோசிச்சேன். சட்டையைக் கழட்டணும்கறது மட்டும் தோணவே இல்ல. தோணக் கூடாதுன்னுதான் மனசு ஒதுக்கி வச்சிருந்துதோ என்னவோ. எங்கப்பாவும் அப்படித்தான் உக்காந்தார். எங்க அக்கா கல்யாணம், எனக்குப் பத்தொன்பது வயசு. சட்டையைக் கழட்டினதும் அந்த வயிறு, ஒரு பக்கம் புடைச்சு, கோணலா. வேட்டியை எங்க கட்டறதுன்னே தெரியாம மார்ல கட்டியிருந்தார். பந்தல்ல ரெண்டு பேரு சிரிச்சாங்க, குடிகாரன் வயித்தைப் பாருன்னு ஒருத்தன் சொன்னது எனக்குக் கேட்டுது, அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் துண்டை இழுத்து இழுத்து வயித்து மேல விட்டுக்கிட்டே மந்திரம் சொன்னார். எனக்கு அவமானமா இருந்துது. நானும் நம்பினேன், அப்பா எங்கயோ ஒளிஞ்சு குடிக்கறார்னு. அடுத்த ஐப்பசியில செத்துப் போனார். ஒரு தடவைகூட நீ குடிப்பியான்னு நான் கேக்கல. கேட்டிருந்தா இல்லடான்னு சொல்லியிருப்பார், அவ்வளவாவது அவருக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

போட்டுப் பாருங்க மாமான்னு மாப்பிள்ளை அந்த மணல் கலரை என் கையில கொடுத்து ட்ரையல் ரூம் பக்கம் கூட்டிக்கிட்டு வந்துட்டார். எதுக்கு இனிமே. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். கண்ணாடியில ஒரு ஆளு நிக்கறான், கண்ணுக்குக் கீழ கறுத்து, கணுக்கால் வீங்கி. கோட்டைப் போட்டேன், வலது கை போச்சு, இடது கை சட்டை மடிப்புல மாட்டிக்கிச்சு, சட்டைக் கை சுருண்டு மேல ஏறிடுச்சு, இழுக்கவும் முடியல விடவும் முடியல. பின்பக்கம் வேற சிக்கிக்கிச்சு. மூச்சு வாங்குது. சின்ன ரூம்பு, காத்தே இல்ல, மூணாம் நாள் வேற, கண்ணு இருட்டற மாதிரி இருந்துது, சுவத்துல சாஞ்சேன். என்னமோ சத்தம் கேட்டிருக்கும்போல, மாமான்னு கதவைத் தள்ளிக்கிட்டு மாப்பிள்ளை உள்ள வந்துட்டார். விடுங்க, நான் பிடிச்சுக்கறேன்னு சட்டையைக் கீழ இழுத்துவிட இடது கையைப் பிடிச்சார். முழு உள்ளங்கையும் அந்த மேட்டு மேலதான் போய் உக்காந்துது. உர்ர்ர்னு ஓடுது. அவருக்கும் ஓடியிருக்கும். நான் அசையல. முடிஞ்சுது, கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருக்கும்போதே முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அவர் கையை எடுக்கல. அழுத்தாம, குருவியைப் பிடிச்சிருக்கற மாதிரி வச்சுக்கிட்டு நின்னார்.

"அது நரம்பு மாப்பிள்ளை, கம்பத்துல ஏறி ஏறி..."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"செவ்வாய் வெள்ளி எங்க போறீங்கன்னு தெரியும். நிச்சயம் ஆன மறுநாளே ஷர்மி சொல்லிட்டா."

சொல்லிட்டாளா. அப்ப இவ்வளவு நாளும் இவர் தெரிஞ்சுக்கிட்டேதான் என்கிட்ட ரத்தினகிரியில கூட்டமா மாமான்னு கேட்டாரா. வெக்கமா இருந்துது, அதுக்குள்ளேயே மார்லேருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரியும் இருந்துது. ஆனா இறங்கினது பாதி மூட்டைதான். மீதிப் பாதியும் அப்பவே வாய்க்கு வந்துடுச்சு. இப்ப சொல்லலைன்னா நான் மனுஷனே இல்லன்னு தோணிச்சு. நின்னாலும் நிக்கட்டும் கல்யாணம், கோட்டுக்குள்ள ஒளிச்சு வச்சு ஒரு பிள்ளையை இன்னொருத்தர் கையில கொடுக்க எனக்கு முடியாது. பாதி மாட்டின கோட்டோட அப்படியே சொன்னேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாப்பிள்ளை. அது அவளுக்கே தெரியாது. இது எங்கப்பாவுக்கு இருந்துது, எனக்கு வந்துது. அவளுக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொன்னார். நான் மறைச்சுட்டேன். உங்ககிட்ட மட்டும் இல்ல, அவகிட்டயே."

வெளிய லோகிதாசன் யாருக்கோ கையைத் தூக்கச் சொல்லிக்கிட்டிருக்கான்.

"அந்தச் சீட்டை அவ பார்த்துட்டா மாமா. பங்குனியில ரெண்டு பேரும்தான் சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். அவளுக்கும் இருக்கு."

கேட்டுது. அவளுக்கும் இருக்கு. ரெண்டே வார்த்தை. நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அவர் சொல்லிக்கிட்டே போறார், இப்போதைக்கு ஒண்ணும் பயமில்லையாம், கட்டி சின்னச் சின்னதுதானாம், பிரஷரைப் பார்த்துக்கணும், உப்பைக் குறைக்கணும், தண்ணி நிறையக் குடிக்கணும், ஒரு நாளைக்கு மூணு லிட்டர், அதுக்குத்தான் போன்ல அலாரம். என்னை விட்டுடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்னு அவளே சொன்னாளாம். பொய் சொல்ல மாட்டேன் மாமா, ஒரு வாரம் நான் அவ போனை எடுக்கலன்னார். அந்த வாரம் எனக்கு ஞாபகம் இருக்கு. பாங்க்ல ஆடிட்டு வேலை, தலைவலின்னு சொல்லிட்டு அவ சரியாச் சாப்பிடாம படுத்துக் கிடந்தா. கல்யாணக் களை போயிடும், எழுந்து சாப்பிடுன்னு நான் திட்டினேன். அப்புறம் எடுத்தேன் மாமான்னார். அவர் அம்மாகிட்ட இன்னும் சொல்லலையாம், இந்த ஞாயித்துக்கிழமை சொல்லப்போறாராம், அழுவாங்க, கத்துவாங்க, நான் பார்த்துக்கறேன்னார். அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டார், தன்னாலதான் வந்துதுன்னு செத்துப் போயிடுவார்னு ஷர்மிளா சத்தியம் வாங்கியிருக்காளாம், உங்களுக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க மாமான்னார். சொல்லும்போதே சட்டைக் கையைக் கீழ இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டு, கோட்டுக்குள்ள என் இடது கையைக் கொஞ்சம் கொஞ்சமா நுழைச்சுவிட்டார். வலிக்கவே இல்ல. கோட்டு தோள்ல உக்காந்துது. போட்டிருக்கறதே தெரியல, அவன் சொன்னது நிஜம்தான். காலையில துண்டோடயே உக்காருங்க மாமா, அந்தக் கையிலேருந்துதான் நான் அவ கையை வாங்கணும்னார். எனக்கு அழுகை வந்துது. அழுதேன். அழுதா தண்ணி வெளிய போறது நல்லதுதானே எனக்கு, அப்படி ஒரு நினைப்பும் அந்த நேரத்துல வந்து தொலைச்சுது.

கோட்டுப் பையைத் தூக்கிக்கிட்டு முதல் மாடிக்கு இறங்கி வந்தோம். சம்பந்தியம்மா மெரூன்ல ஒரு புடவையைத் தோள்ல போட்டுக்கிட்டு வேதவல்லிகிட்ட ஜரிகையைக் காட்டிக்கிட்டிருக்காங்க. என்ன சம்பந்தி, கண்ணெல்லாம் சிவந்திருக்குன்னாங்க. ஏசி ஒத்துக்கலம்மான்னேன். ஷர்மிளா ஓரத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்கா, மடியில அந்த நீல பாட்டில், முக்கால்வாசி இருக்கு. இருபத்தாறு வயசு. எங்கப்பாவோட நெத்தி, எங்கப்பாவோட காது, எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு வந்து உக்காந்திருக்கா. பிடிச்சுதாப்பா கோட்டுன்னா. பிடிச்சுதும்மா, உள்ள லைனிங் கிடையாது, வெயிலுக்கு நல்லதுன்னேன். காட்டுங்கன்னு பையை வாங்கப் போனவ, கையில பாட்டில் இருக்கறது ஞாபகம் வந்து, அதை அவசரமா முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டா. நான் பக்கத்துல போய் உக்காந்தேன். பின்னாடி கையை விட்டு அந்தப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். தண்ணி வாசனை அடிச்சுது. தண்ணிக்கு வாசனை உண்டுன்னு என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியும். அவ கையில கொடுத்தேன்.

"என் எதிர்லயே குடிம்மா"ன்னு சொன்னேன். "முழுசும்."

அவ என்னையே பார்த்தா, அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தா. அவர் புடவை பார்க்கற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். அவ பாட்டிலைத் தூக்கினா, கண்ணுலேருந்து வழியுது, நிறுத்தாம குடிக்கறா. நான் அவ தொண்டையைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.